தாயின் பெயர் எழுதும் கட்டம்

1938இல் எனக்கு இருபத்திரண்டு வயது. எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்ற நினைப்பும் கூடவே இருந்தது. புதுச்சேரியில் பிரசவமும் குழந்தை வளர்ப்பும் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பரீட்சைக்குப் பத்துப் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பத்து மாதம் கவனித்து, எடை, பல், தவழ்தல், தாய் கொஞ்சும் விதம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஊர் செல்லிப்பட்டு.

ஒன்பது பிள்ளைகளால் ஒரு தொந்தரவும் இல்லை. பத்தாவது, பக்கிரி. கரும்புக் கழனியில் கூலி வேலை செய்யும் ராமாயியின் பிள்ளை. புளியங்கிளையில் தராசைத் தொங்கவிட்டு நான் அவனை நிறுக்கும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். யார் வீட்டுச் சனியனோ என்பாள். ஒருநாளாவது மகனே என்று கூப்பிட்டதில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ‘தாய்க்குப் பாசமில்லை, பிள்ளையின் மூக்கில் காயம்’ என்று நல்ல பிரெஞ்சில் எழுதி அனுப்பிவிட்டேன். பத்துப் பிள்ளைகளில் அவன்தான் கொழுகொழுவென்று இருக்கிறான் என்று என் நோட்டே சொன்னது. அதை யார் பார்த்தார்கள்?

எங்கள் பேராசிரியரான வெள்ளைக்காரத் துரையிடமிருந்து உடனே பதில் வந்தது. வியாழக்கிழமை நேரில் வருவாராம். நான் எழுதியது நிஜமானால் பிள்ளையை ஆஸ்பத்திரிக் காப்பகத்துக்கு எடுத்துப்போய்விடுவாராம். ராமாயியின் பக்கத்து வீட்டுத் தனக்கொடியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“படிச்ச பொண்ணு, இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க? மூணு புள்ளைய வாரிக் குடுத்தவ அவ. இதுனா தங்கட்டும்னு பொறந்த அன்னிக்கே எங்கிட்ட வித்துட்டா. மூணு படி தவிடு குடுத்து வாங்கி, மூக்கு குத்தி, பக்கிரின்னு பேரு வச்சது நானு. எம்புள்ளன்னு அவ வாயால சொன்னா எமன் காதுல வுழுந்துடும்.”

கான்வென்ட் விடுதியில் வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கழனிக்கு ஓடினேன். துரை கேட்கும்போது என் பிள்ளை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லும்படி ராமாயியிடம் கெஞ்சினேன். அவள் அரிவாளைக் கீழே வைக்கவே இல்லை.

“இட்டுகினு போனா எங்கனா உசுரோட இருப்பான். நான் சொன்னா இருக்க மாட்டான்.”

வியாழக்கிழமை காலை துரை ராமாயி வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில் கேட்டேன். பக்கிரி தனக்கொடியின் இடுப்பில் இருந்தான். யார் பிள்ளை இது?

“தனக்கொடி வூட்டுப் புள்ள,” என்றாள் ராமாயி, தரையைப் பார்த்துக்கொண்டு.

துரை என் பக்கம் திரும்பினார். அதைப் பிரெஞ்சில் எப்படி மாற்றிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். அதற்குள் அந்த வெள்ளை முகத்தைப் பார்த்து மிரண்ட பக்கிரி வீறிட்டு அழுதான். ராமாயியிடம் இரண்டு கையையும் நீட்டினான். அவள் அசையவில்லை. கட்டிய கையை அவிழ்க்கவும் இல்லை. ஆனால் மார்புச் சேலை இரண்டு பக்கமும் நனைய ஆரம்பித்தது. முந்தானையை இழுத்து மூடினாள். அதுவும் நனைந்தது.

பிள்ளை அழுதால் தாய்க்குப் பால் சுரக்கும் என்ற பாடத்தை எங்களுக்கு நடத்தியவரே அந்தத் துரைதான். கையோடு கொண்டுவந்திருந்த காப்பகத்துக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் தவிட்டுக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். சரி, அறிக்கையில் என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டார். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. அவர் கொண்டுவந்திருந்த என் அறிக்கையை வாங்கி, அவர் எதிரிலேயே பழைய வரிகளை அடித்தேன். ஊருக்கே கேட்கட்டும் என்று தமிழில் உரக்கப் படித்துக்கொண்டே எழுதினேன்.

“தாயின் பெயர், தனக்கொடி.”

ராமாயி முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தனக்கொடியிடமிருந்து பிள்ளையை வாங்கி, “வா, சனியனே” என்று பால் கொடுக்க உள்ளே தூக்கிப் போனாள்.

தாய் கொஞ்சும் விதம் என்ற கட்டத்தில் அதையே எழுதினேன்.