கழுவாத தொட்டி

எங்கள் ஆய்வகத்துக்கு என் மனைவிதான் தலைவி. வீட்டிலும் அவள்தான் என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சுத்தம் விஷயத்தில் மட்டும் இரண்டு இடத்திலும் எங்களுக்கு ஏழாம் பொருத்தம்.

நாங்கள் வளர்க்கும் மலைத் தவளைகள் காட்டில் பூண்டோடு அழிந்துவிட்டன. தோலை அரிக்கும் ஒரு பூஞ்சை நோய். மிச்சமிருந்தவை எங்கள் கண்ணாடித் தொட்டிகளில்தான் இருந்தன. அங்கேயும் நோய் புகுந்துவிட்டது. அவள் தினமும் கிருமிநாசினி போட்டுத் தேய்த்தாள். தொட்டிக் கற்களைக்கூட வேகவைத்தாள். அப்படியும் ஒவ்வொன்றாகச் செத்தன. இவையும் போனால் உலகத்தில் அந்த இனமே இல்லை. பல நாள் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே எழுந்து போனாள்.

என் பொறுப்பில் இருந்த மூலைத் தொட்டியை மட்டும் நான் ஒழுங்காகக் கழுவியதே இல்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன? ஒரு நாள் அவள் அதைப் பார்த்துவிட்டுத் தையத்தக்கா என்று குதித்தாள்.

"கண்ணாடி பூரா பாசி! கல்லெல்லாம் கொழகொழன்னு இருக்கு. தவளை வளர்க்கிறீங்களா, சாக்கடை கட்டுறீங்களா? இப்பவே கழுவுங்க!"

"கழுவுறேன். முதல்ல உள்ள எத்தனை செத்துக் கிடக்குன்னு பாரு."

குனிந்து பார்த்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை. கொழுகொழுவென்று உட்கார்ந்து எல்லாம் அவளையே முறைத்தன.

"இந்தத் தொட்டிக்கு நோய் வரல, அவ்வளவுதான்" என்றாள். தோலைப் பஞ்சால் துடைத்துச் சோதித்தோம். பூஞ்சை இருந்தது. தவளைகளைத்தான் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனக்குப் பொறி தட்டியது. கல்லில் இருந்த கொழகொழப்பைச் சுரண்டி, பூஞ்சை வளர்க்கும் தட்டின் நடுவே ஒரு பொட்டு வைத்தேன். சில நாளில் தட்டு முழுக்கப் பூஞ்சை படர்ந்தது. அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் கிட்டே வரவில்லை. அதில் இருந்த பாக்டீரியா அண்டவிடவில்லை. தவளைகளின் தோலிலும் அதே பாக்டீரியாதான் காவல் இருந்தது. மற்றத் தொட்டிகளில் அந்தக் காவலைத்தான் தினமும் தேய்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறோம்.

"என் தொட்டித் தண்ணிய எல்லாத்துலயும் ஊத்தணும்" என்றேன்.

"தப்பாப் போச்சுன்னா இருக்கிறதும் போயிடுமே?"

"ஊத்தலைன்னாலும் போகத்தானே போகுது?"

என்னை நம்பி விடாமல் அவள் தானே குவளையை எடுத்தாள். ஒவ்வொரு தொட்டியாக ஊற்றினாள்.

சாவு குறைந்தது. பிறகு நின்றே போனது. ஒரு காலை அவள் போட்ட கூச்சலில் நான் வெறுங்காலோடு ஓடினேன். சாகக் கிடந்த தவளைகளின் தொட்டியில், இலைக்கடியில், முட்டைக் கொத்து! ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்சுட்டோம்டி!" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தள்ளினாள்.

"நகருங்க. இத்தனை நாளா செத்ததையே எண்ணிட்டிருந்தேன். இன்னிக்குப் பொறக்கப் போறதை எண்ணணும்."

நூறைத் தாண்டியதும் கணக்குத் தப்பியது. சிரித்துக்கொண்டே மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.