படத்துக்கு முன் இரண்டு நிமிடம்

செத்த உடம்பை அலங்கரிப்பதைப்போன்ற முட்டாள்தனம் மனித வரலாற்றிலேயே கிடையாது என்று, அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் பெஞ்சுகளை இழுத்துப் போட்டபடி பரமானந்தம் அறிவித்தான். மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருடம் படிப்பவன். மனித வரலாறு அவனுக்கு அத்துபடி.

"ஏலே, பேசாம பெஞ்ச நேரா போடு. போட்டோக்காரர் வந்துட்டாரு," என்றாள் ஜோசப்பின் சித்தி.

குடும்பத்தோடு கடைசிப் படம் எடுத்துக்கொள்ளாமல் கொடைக்கானலில் அவர்கள் ஜனத்தில் யாரும் கல்லறைக்குப் போனதில்லை.

அம்மா இசபெல்லா மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு, உல்லன் துண்டுகளைக் கைக்குட்டையில் பொதிந்து தைத்து ரவிக்கைக்குள் வைக்காமல் அவள் வாசல் தாண்டியதில்லை.

"பாடம் நடத்துறது நீயா, உல்லனாம்மா?" என்று விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேட்பான். அம்மாவும் சிரிப்பாள். ஒரே ஒரு முறை சிரிக்கவில்லை.

"கண்ணாடில யாரோ நிக்கிறா பரமு. இத வெச்சாத்தான் நான்னு தெரியுது."

அதையும் விடுதியில் போய்ச் சொன்னான். நல்ல சிரிப்பு.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "சேலைய இழுத்து விடுங்கம்மா. ஒரு பக்கம் பள்ளமா கெடக்கு."

"பூவ வெச்சு மூடிருவோம்," என்றாள் சித்தி.

பரமானந்தம் அப்போதுதான் பார்த்தான். பட்டுச்சேலை இடப்பக்கம் தட்டையாகப் படிந்திருந்தது.

"அது எங்க சித்தி?"

"எது?"

அவன் தன் இடது நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"அதுவா... படுக்கை, துணிமணியெல்லாம் வெள்ளனே எரிச்சாச்சேய்யா. அதோட போயிருச்சு."

"எல்லாரும் ரெண்டு நிமிசம் வெளிய நில்லுங்க."

"எதுக்குலே? சாமியாரக் கூட்டிட்டு உங்கப்பா வந்துருவாரு."

"சோலி இருக்கு."

கதவைச் சாத்தினான். தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடித்துச் சேலைக்கு அடியில் வைத்தான். மேடாகிவிட்டது. எடுத்து ஒரு மடிப்பைக் குறைத்தான். கால்மாட்டில் போய் நின்று பார்த்தான். வந்து ஓரத்தை அமுக்கினான். மறுபடி போய்ப் பார்த்தான். முந்தானையை நீவிவிட்டுக் கதவைத் திறந்தான்.

சித்தி பெட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த பூவைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, அப்பாவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டாள். அப்பா வந்ததும் எல்லோரும் நெருங்கி நின்றார்கள்.

"கேமராவப் பாருங்க," என்றார் போட்டோக்காரர். "தம்பி, உங்களத்தான். இங்க பாருங்க."

அவன் பெட்டியின் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.