ஆறாவது வாங்கு

ஆட்கள் இருக்கக் கொண்டுவந்த முதல் வாங்கை வண்டியிலிருந்து இறக்கும்போதே அதன் கால் வேலிப் படலையில் இடித்தது.

"பாத்து, பாத்து! பொதுச்சொத்து!" என்று சனசமூக நிலையத் தலைவர் தில்லைநாதன் பதறினார்.

அந்தச் செத்தவீட்டில் அன்று காலை எழுந்த முதல் கதறல் அதுதான். இராசமலருக்கு இன்னும் அழுகை வரவில்லை. தம்பியின் தலைமாட்டில் இருந்தபடி யன்னலால் பார்த்தாள். ஆறு வாங்குகள். நிலையத்தில் இருந்ததே ஆறுதான்.

தாய் தகப்பன் போனபின் அந்த வீட்டில் மிஞ்சியது அவளும் தம்பி தவராசாவும். இருபத்துமூன்று வயதிலேயே அவன் ஒன்பதாம் வாய்க்கால் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளர். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் தொடங்கிய கட்டியைக் கொழும்பில் புற்றுநோய் என்றார்கள். இரண்டு தரம் அக்காவும் தம்பியும் ரயிலேறிப் போய், கிழமைக்கணக்காகத் தங்கிக் கழுத்துக்குக் கறண்ட், அதாவது கதிர்ச்சிகிச்சை, பிடித்து வந்தார்கள். கழுத்துத் தோல் கறுத்துப் போயிற்று. அந்தக் கறுப்பு ஒட்டும் என்று ஊர் முடிவெடுத்தது. அதற்கு மட்டும் கூட்டம் கூட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டைக் கடக்கும் சைக்கிள்காரர் எல்லோருக்கும் எதிர்ப்பக்கத்து வாய்க்காலில் பார்க்க ஏதோ இருந்தது.

மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்த நாட்களில் தவராசா நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினான்.

'எமது வேலியோர வேம்பின் கீழ் நிலையத்தின் வாங்கு ஒன்றைப் போட அனுமதி தருமாறு வேண்டுகிறேன். எனது கதிரைக்கும் அதற்கும் பத்தடி இருக்கும். நோய் தொற்றும் என்று அஞ்சும் அங்கத்தவர்களும் அதிலிருந்து கதைக்கலாம். கிழமைக்கு ஒருவர் வந்தாலும் போதும்.'

மறுமொழி வந்தது. பதினோராம் சட்டப்படி தளபாடங்களை நிலையத்துக்கு வெளியே கொண்டுபோகலாகாது. வாசித்துவிட்டுத் தவராசா விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, அந்தச் சட்டத்தை எழுதினதே நான்தான்!"

"அப்ப நீயே மாத்தி எழுது."

"ஏலாது. ஆனா கடைசி வரியிலை ஒரு விலக்கு வைச்சிருக்கிறன். கலியாணவீடு, செத்தவீடு நீங்கலாக."

"எண்டால் கெதியா ஒரு கலியாணத்தைக் கட்டு."

"பொம்பிளையும் பத்தடி தள்ளி நிக்கவேணுமே!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் முற்றம் பழையபடி ஆனது.

அதன்பிறகு பின்னேரங்களில் அவன் சாய்மனைக் கதிரையை வேம்பைப் பார்க்கப் போட்டுக்கொண்டு இருப்பான். ஒருநாள் இராசமலர் ஒரு மரக்குற்றியை உருட்டிக்கொண்டுபோய்ப் பத்தடி தள்ளி இருந்து, குரலைத் தடிப்பாக்கி, "என்ன செயலாளர், எப்பிடிச் சுகம்?" என்றாள். அவனும் மரியாதையாகப் பதில் சொன்னான். மூன்றாம் நாள், "வேண்டாம் அக்கா" என்றான்.

இன்றைக்கு ஆறு வாங்கும் நிரம்பி, ஆட்கள் வேலியோரமும் நின்றார்கள். தில்லைநாதன் சால்வையைச் சரிசெய்து அனுதாபத் தீர்மானத்தை வாசித்தார்.

"அன்னாரின் மறைவால் எமது நிலையம் தன் தூணொன்றை இழந்து தவிக்கிறது..."

அந்த நிலையத்தின் கூரை ஏற்கெனவே ஒரு பக்கம் சரிவு. முன்வரிசையில் இரண்டு பேர் கவலையோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இராசமலர் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, அவன்ர கடிதம் கூட்டத்துக்கு எடுத்தியளோ?"

"எந்தக் கடிதம் பிள்ளை?"

"வாங்குக் கடிதம்."

தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். "அதுக்குச் சட்டத்திலை இடமில்லையே, பிள்ளை. இண்டைக்கு இடமிருக்கு. அதுதான் ஒண்டில்லை, ஆறையும் கொண்டந்திருக்கிறம்."

அவர் முகத்தில் கொடுத்த கையின் திருப்தி இருந்தது. அவள் உள்ளே போனாள்.

சாவகச்சேரியிலிருந்து வந்த சித்தப்பா கொள்ளிக்குடத்தோடு முன்னே நடக்க, ஆண்கள் எல்லோரும் சுடலைக்குப் போனார்கள். பெண்கள் வீடு கழுவிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முற்றத்தில் வாங்குகளும் அவளும் மட்டும். அவள் ஒரு வாங்கைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய் வேம்பின் கீழ் போட்டாள். சாய்மனைக் கதிரையைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள். நடுவில் பத்தடி அளந்தாள்.

பொழுது சாயமுன் வண்டிக்கார வீரகத்தி வந்தார். முழுகிய தலை காயவில்லை. ஐந்து வாங்கை ஏற்றினார்.

"பிள்ளை, ஆறெல்லோ கொண்டந்தனான்?"

"ஓம் அண்ணை. மற்றது அந்தா நிக்குது."

வீரகத்தி வாங்கைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். அதன் துணி நடுவில் இன்னும் குழிந்திருந்தது.

"ஏத்தட்டோ?"

"கொஞ்சம் இருந்திட்டு ஏத்துங்கோ."

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. தோள் துண்டால் வாங்கைத் தட்டிவிட்டு, கதிரைக்குத் தூரமான அந்தலை நுனியில் பாதிக் குண்டியை வைத்து இருந்தார். கொஞ்சநேரம் கையைப் பிசைந்தார்.

"என்னத்தைக் கதைக்கிறது, பிள்ளை?"

"ஏதாவது."

வீரகத்தி கதிரைப் பக்கம் திரும்பினார்.

"இந்தமுறை மழை பிந்தும்போலை கிடக்கு, தம்பி" என்றார்.

இராசமலர் வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனாள்.