தினம் ஒரு டூனா டின்

மயிலம்மாள் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். இனி ஷாமினி தப்ப முடியாது. பிள்ளைத்தாய்ச்சி மருமகள் சாப்பிடாமல் மாமியார் ஒரு பருக்கைகூடத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் இனிப்பு நீர் உள்ளவள் ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கிடந்தால் என்ன ஆகும்? சர்க்கரை இறங்கி மயங்கி விழ வேண்டியதுதான்.

தட்டில் பதினோராவது நாளாக அதே வெள்ளை டூனா. ராசா கடையில் இருப்பதிலேயே உசத்தி எதுவென்று கேட்டு, மூன்று பெட்டிகளை எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள் மகராசி. எல்லாம் வயிற்றிலிருக்கும் ஐந்து மாதப் பேரப்பிள்ளைக்காக.

ஷாமினி அன்று காலைதான் சுவா கிளினிக்குக்குப் போய்வந்திருந்தாள். எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பது?

"அத்தே, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க. வெள்ளை டூனா பெரிய மீனாம். சின்ன மீனுங்களத் தின்னு தின்னு அது உடம்புல பாதரசம் சேந்துடுதாம். வாரத்துக்கு ஒரு வாட்டி போதும், மேல போனா பிள்ளை மூளைக்கு ஆகாதுன்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்றாங்க. சார்டின் சின்ன மீனு, அதுல அவ்வளவா இருக்காதாம். ரெண்டு டின் வாங்கிட்டு வந்துருக்கேன் லா."

"சார்டினா!" மயிலம்மாள் கெட்ட வார்த்தையைக் கேட்டவள்போல முகத்தைச் சுளித்தாள். "மூளைக்குன்னுதான்டி இத வாங்குனேன். ஹேமநாதன் வயித்துல இருக்கறப்ப சார்டின்தான் தின்னேன். என்னா ஆச்சு? செம்பனைக் குலை லோரி ஓட்டறான். ஆபீசுல கணக்கெழுதற கிராணி பொண்டாட்டி விமலா டூனா தின்னா. மவ லோபாக் டவுன்ல பல் டாக்டரு!"

ஷாமினி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கிராணி வீட்ல படிக்க வெச்சாங்க அத்தே. அதுக்கும் மீனுக்கும் என்னா சம்பந்தம்? சார்டின் பிள்ளையத்தான நான் கட்டிக்கிட்டேன். அவருக்கு என்னா கொறச்சல்?"

"கொறச்சலா? அவன் வேலைய விட்டா மறுநாளே எஸ்டேட்டு குடுத்த இந்த வீட்ட விடணும். என் பேரப்பிள்ளையும் இங்கியே கெடந்து சாவணுமா?"

ஷாமினிக்குப் புரிந்தது. பேரப்பிள்ளையை இங்கிருந்து வெளியேற்றத்தான் கிழவி இந்தப் பாடு படுகிறாள். அதற்காக அவள் ஊட்டுவதோ பாதரசம். திட்டுகிற மாமியாராக இருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாளே!

"சரி, நீங்க மொதல்ல சாப்புடுங்க. நான் பொறவு சாப்புடறேன்."

"அந்தப் பேச்சே வேணாம்."

இருவரும் தட்டைத் தொடவில்லை. சோறு ஆறியது. மயிலம்மாளின் நெற்றியில் வேர்வை பூத்தது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. ஷாமினி ஓடிப்போய்ச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்தாள். கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"நீ... மொதல்ல..." நாக்குக் குழறியது.

"பிடிவாதம் பிடிச்ச பொம்பள!" என்று கத்திக்கொண்டே ஷாமினி தட்டை இழுத்து, மீனையும் சோற்றையும் அள்ளி அள்ளி வாயில் திணித்தாள். கண்ணீரோடு விழுங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் மயிலம்மாள் வாயைத் திறந்தாள். சீனித்தண்ணீர் இறங்க இறங்கக் கண்ணில் தெளிவு வந்தது.

அந்த நேரம் பார்த்து அடிவயிற்றில் ஏதோ துள்ளியது. இதுவரை இல்லாத துள்ளல். ஷாமினி தன்னை மறந்து, "அம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மறைத்திருக்கலாம். முடியவில்லையே. அதற்குள் மயிலம்மாளின் ஈரக்கை அவள் வயிற்றின்மேல் வந்துவிட்டது. மறுபடியும் ஒரு உதை. கிழவியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"பாத்தியாடி, பாத்தியா! மீனு உள்ள போன ஒடனே எப்படிக் குதிக்குது! நாளையிலேர்ந்து ராவுக்கும் ஒரு டின் ஒடைக்கறேன்."