இடது பக்கத்து எர்த்

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் இடது விளக்கு மங்குகிறது. இறங்கிப் போய் அதன் மூஞ்சிக்கு நேராக நின்றால் கண் கூசுகிறது. நாலு தடவை ஏறி இறங்கிவிட்டேன். மதியம் இரண்டு மணிதான், ஆனால் இருட்டு வேண்டுமென்று ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தேன். பிக்கப்புக்கு முன்னால் பன்னிரண்டடியில் சுவர். வலது பக்கம் சுண்ணாம்பு அடித்தது போல வெளிச்சம் விழுந்து கிடந்தது. இடது பக்கம் யாரோ அழுக்குத் துணியை நனைத்துத் துடைத்த மாதிரி.

நாலு மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வருவார். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி என்று அவருக்குப் பத்தொன்பது வருஷமாக ஏற்றி இறக்குகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் பொழுது சாயும் நேரத்தில், ஓரமாக நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்றை இடது பக்கம் உரசிவிட்டேன். ஆள் யாரும் அதில் இல்லை. சக்கரம் நெளிந்தது, பின்னால் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது, அவ்வளவுதான். விளக்கு பழசாகிவிட்டது, வெளிச்சமே வரவில்லை என்று சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"லைட்டை மாத்துங்க. நான் வந்து உக்காந்து பாக்குறேன். சரியா இருந்தா நீங்களே ஓட்டுங்க. இல்லேன்னா வண்டியை மட்டும் குடுங்க, ஆளை நான் போட்டுக்கிறேன்."

வண்டியை மட்டும் கொடு என்கிறார். என் காலை மட்டும் கழற்றிக் கொடு என்பது போல இருந்தது. அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

எல்.இ.டி. விளக்கு இரண்டு வாங்கிவந்தேன். கடைக்காரன் பெட்டியை நீட்டியபோது, பிரித்துக் காட்டு என்றேன். காட்டினான். எரித்துக் காட்டு என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எரித்தும் காட்டினான். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, பொடி எழுத்து. நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தத் தாள் எதற்கு? பேட்டரியிலிருந்து சிவப்பு வயர், நடுவில் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அங்கிருந்து இரண்டு விளக்குக்கும். கறுப்பு வயர் இரண்டையும் வண்டி உடம்பில் போல்ட் வைத்து முறுக்கினால் எர்த் ஆயிற்று. ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா? என் மைத்துனன் வண்டி எலக்ட்ரீஷியன்தான். ஆனால் அவனிடம் கொடுத்தால் நல்ல வயரை உருவிக்கொண்டு பழைய வயரைப் போட்டுவிடுவான். போட்டதில்லைதான். போடமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இடது விளக்கை வலது பக்கம் மாட்டினேன், வலதை இடதில் மாட்டினேன். அப்போதும் இடதுதான் மங்கல். சரி, எர்த் பிடிக்கவில்லை என்று நினைத்து, போல்டைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்தேன். மாற்றமில்லை. பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நான் ஏறி உட்காரும்போது என் எடைக்கு வண்டி அமுங்குகிறது, எங்கேயோ கறுப்பு வயர் இழுபட்டு எர்த் விட்டுப்போகிறது. இறங்கியதும் பிடித்துக்கொள்கிறது. கணக்கு நேராக வந்தது. சீட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன்.

ஷட்டர் பாதி உயர்ந்தது. குனிந்து உள்ளே வந்தது என் மனைவி. அவள் பின்னால் அவள் தம்பி. ஊரில் அவனை எல்லாரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ஒரு தெருவையே இருட்டாக்கியவன்.

"உன்னை யாருடா கூப்பிட்டது?" என்றேன்.

"அக்கா. சீட்டைக் கழட்டி என்ன மாமா பண்ணப் போறீங்க? மொட்டை மாடில காத்து வாங்கவா?"

எடை விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்காமல் ஏறி உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு," என்றான்.

"நீ நோஞ்சான். உன் எடைக்கு எர்த் விடாது."

"அப்ப அக்காவை ஏத்துங்க. லாரியே அமுங்கும்."

"வாயைக் கிழிச்சிடுவேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறினாள். வண்டி முனகியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சுவரையே பார்த்தாள். "ரெண்டு பக்கமும் பளிச்சுனுதாங்க இருக்கு."

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அவளை இறங்கச் சொல்லி நான் ஏறினேன். இடது பக்கம் அதே அழுக்கு. "பாரு, இப்ப மங்குது பாரு," என்றேன்.

மைத்துனன் டெஸ்ட் பல்பின் கிளிப்பை வண்டி உடம்பில் மாட்டி, ஊசியை இடது விளக்கின் சிவப்பு வயரில் வைத்தான். பல்பு எரிந்தது. வலதிலும் வைத்தான். எரிந்தது. பிறகு கிளிப்பைக் கறுப்பு வயரில் மாட்டி மறுபடியும் பார்த்தான். நான் சீட்டில் குதித்துக்கூடக் காட்டினேன். அப்போதும் எரிந்தது. டெஸ்ட் பல்பின் வயரை மெதுவாகச் சுருட்டத் தொடங்கினான்.

"என்னடா?"

"வயர்ல ஒண்ணும் இல்ல மாமா."

"பின்ன எதுல?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அவர்கள் முகத்தில் ஏதாவது திருட்டுத்தனம் தெரிகிறதா என்று தேடினேன். தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேரா செவுத்தைப் பாருங்க," என்றாள் மனைவி. "தலையைத் திருப்பாதீங்க."

"எதுக்கு?"

"பாருங்களேன்."

பார்த்தேன். அவள் வலது ஓரத்திலிருந்து வண்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். வலது விளக்கைத் தாண்டும்போது அவள் நிழல் சுவரில் பூதம் போல எழுந்தது. நடுவுக்கு வந்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். பிறகு அவள் இல்லை. ஷட்டர் வழியாக வெளியே போய்விட்டாளா? ஷட்டர் என் முதுகுப் பக்கம் அல்லவா இருக்கிறது?

"எங்க போன?" என்றேன்.

"எங்கயும் போகல. முன்னாலதான் நிக்கிறேன்."

குரல் பக்கத்தில்தான் கேட்டது. வெளியே ஒரு கார் வந்து நின்றது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மைத்துனன் ஷட்டர் பக்கம் போகாமல் அப்படியே நின்றான். விளக்கு சுவிட்சில் கைவைத்தபடி நான் தலையை இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். முதலில் ஒரு முழங்கை வந்தது. அப்புறம் தோள், அப்புறம் முகம். இடது விளக்கின் மேல் அவள் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். விரல்களுக்கு நடுவே வெளிச்சம் ரத்தச் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது.