தாழ்ப்பாள் நாவலின் வக்கீல்

என் அண்ணனைச் சாக்கடை என்று அச்சில் எழுதியது ஒரு வாரப்பத்திரிகை. அதற்குப் பல வருடம் முன்பே நான் அவனை அப்படித் திட்டியிருக்கிறேன். எனக்குத்தான் யாரும் சன்மானம் தரவில்லை. பிணவறை, மாமனார் மருமகள், நடுத்தெருவில் வாந்தி எடுக்கும் நீதிபதி என்று எழுதக் கூடாததையெல்லாம் தேடித்தேடி எழுதினான். திட்டத் திட்டத் திண்டுக்கல் ஆனான். அவனுடைய வாசகர்கள் வசவையே பட்டமாக்கி, ‘சாக்கடையார்’ என்று மரியாதையோடு கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரையும் விடமாட்டார், தன்னைக்கூட விடமாட்டார் என்பது அவர்கள் கொடுத்த நற்சான்று.

அவன் செத்து இரண்டு மாதம் ஆகிறது. நான் போகவில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று பல வருடம். வாசகர்கள் ‘தாழ்ப்பாள் நாவல்’ என்று சொல்லும் புத்தகம் வந்த அன்றைக்கு நின்றது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவேன். காதில் உறுத்துகிறது என்று வருபவர்களுக்குக் காம்பைச் சூடாக்கி வளைத்துக் கொடுப்பேன். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே இருப்பவர் முகம் சரியாகத் தெரியாது. அதனாலோ என்னவோ வாய் தானாகத் திறந்துகொள்ளும். அப்படித்தான் என் அண்ணனின் பதிப்பாளர், நான் யார் என்று தெரியாமல், என்னிடமே பேசினார்.

“சாக்கடையார் புக்கு ஆறு இருக்கும்மா. எல்லாத்தையும் போட எனக்குத் தெம்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு திரும்பப் போடலாம்னு இருக்கேன். மத்தது குடோன்ல இருக்கறதெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு. எந்த ஒண்ணுன்னு வர்ற ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டத்துல முடிவு பண்ணுவாங்க. நீங்க படிச்சிருக்கீங்களா?”

“படிச்சிருக்கேன்.”

“அப்ப வாங்களேன். அநேகமா தாழ்ப்பாள்தான் வரும்.”

காம்பை அதிகமாகச் சூடாக்கிவிட்டேன். பிளாஸ்டிக் கருகும் வாடை கடை முழுக்க வந்தது.

அந்த நாவலில் ஒரு வீடு. வீட்டில் ஓர் அறை. அறைக்குள் புத்தி பேதலித்த தங்கை. வெளித் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவள் ஓர் அக்கா. தினமும் மத்தியானம் வீடு தூங்கும்போது அண்ணன் தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கு அடியில் கையை விட்டு, தங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டு பேசுவான். எத்தனை வக்கிரத்தைப் படித்தும் கலங்காத வாசகர்கள் அந்த அத்தியாயத்தில் அழுதார்களாம்.

எங்கள் வீட்டில் சாவி இருந்தது அண்ணனின் சட்டைப்பையில். பூட்டச் சொன்னது அம்மா, பூட்டியது அவன். தரையில் படுத்தது நான். அந்த இடுக்கில் என் கை மணிக்கட்டு வரைக்கும் போகும், அதற்கு மேல் போகாது. தங்கை காய்ச்சலில் அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, யாரிடமும் சொல்ல முடியாமல் ஒரு சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பாசம் என்று நினைத்தேன். நாவல் எழுதும்போது என் கையை எடுத்துத் தன் தோளில் ஒட்டிக்கொண்டான். தன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான். இதுதான் தன்னைக்கூட விடாத எழுத்தாளன் செய்த வேலை.

தங்கையின் போட்டோ ஒன்றுகூட இல்லை. எனக்கு வரன் பார்க்கும்போது அம்மா எல்லாவற்றையும் கிழித்துப்போட்டாள். வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். ‘எனக்குத் தங்கச்சி கிடையாது.’ தடுமாறாமல் வரும்வரை திரும்பத்திரும்பச் சொல்லவைத்தாள். கடைசியில் வரன் ஒன்றும் அமையவில்லை. அம்மாவும் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தப் புத்தகம் பழைய பேப்பர்காரனின் தராசில் ஏறுவதைப் பார்க்காமல் விடுவதில்லை என்றுதான் போனேன்.

வாசகர் வட்டம் கூடும் அறை ஒரு சலவைக்கடையின் மாடி. கீழேயிருந்து நீராவி ஏறி வந்து தரை வெதுவெதுப்பாக இருந்தது. சுவர் ஆணிகளில் யாருடையவோ கோட்டுகள் உறை போட்டுத் தொங்கின. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதிப்பாளரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் பல் டாக்டர் அம்மா, ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர், ஒரு கணக்கு வாத்தியார். ஊரே காறித் துப்பும் எழுத்தாளனுக்கு உட்கார்ந்து பேச இவ்வளவு பேராவது இருந்தார்களே என்று தோன்றியது. எனக்கே அது பிடிக்கவில்லை.

“புதுசா வர்றவங்க முதல்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும்” என்றார் பல் டாக்டர். “சாக்கடையார் புக்குல உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதது எது?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். “தாழ்ப்பாள்” என்றேன்.

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

“மாட்டினீங்க!” என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். “இங்க பிடிக்காதவங்கதான் வக்கீல். எதை வெறுக்கறீங்களோ அதுக்கு நீங்கதான் வாதாடணும். பிடிச்சவங்க குத்தம் சொல்லணும். முன்னாடியெல்லாம் அவங்கவங்களுக்குப் பிடிச்சதுக்குப் பேசி, ஒரு தடவை நாற்காலி உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் டாக்டரம்மா போட்ட சட்டம்.”

“உடைச்சது யாருன்னும் சொல்லுங்க” என்றார் கணக்கு வாத்தியார்.

“அது இப்ப எதுக்கு சார்?”

போனால் போகட்டும் என்று உட்கார்ந்தேன். வக்கீல் உளறினால் கேஸ் தோற்கும், அவ்வளவுதானே. உளறுவதற்கா எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

டிரைவர் பிணவறை நாவலுக்காகப் பேசினார். அதை அவர் வெறுப்பதற்குக் காரணம் இருந்தது. “என் வண்டியில ஏத்திட்டுப் போய் இறக்கி விட்டவங்களையெல்லாம் மறந்துட்டுத்தான் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறேன். இந்த மனுஷன் ஒருத்தரையும் மறக்க விடல” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுக்காகவே திரும்பப் போடலாம்” என்று முடித்தார். கணக்கு வாத்தியார் மாமனார் நாவலுக்கு எழுந்தார். அந்தப் புத்தகத்தை அவர் கையில் பார்த்துவிட்டுத்தான் அவருடைய மருமகள் ஒரு மாதம் அவருக்குச் சாப்பாடு போடும்போது தள்ளி நின்றாளாம். அவர் பேசியதைவிட நெளிந்ததுதான் அதிகம். பதிப்பாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு தாழ்ப்பாளுக்கு வந்தார்கள். பல் டாக்டருக்கு அது உயிர். ஆகவே அவர் குற்றம் சொல்ல வேண்டும்.

“அக்காக்காரியை நான் நம்பறேன்” என்றார். “அப்படி ராட்சசிங்க இருக்காங்க. அண்ணனையும் நம்பறேன். ஆனா அந்தத் தங்கச்சி? பூட்டின ரூமுக்குள்ள வருஷக்கணக்கா கிடக்கற பொண்ணு இப்படித் தமாஷ் பண்ணுமா? நாம அழறதுக்காக அவர் செஞ்சு வெச்ச பொம்மை. அப்படி ஒரு பொண்ணு எங்கயும் இருந்திருக்காது.”

“அவ பொம்மை இல்ல” என்றேன்.

உளற வேண்டும் என்று வந்தவள் எழுந்து நின்றிருந்தேன். பொம்மையாம். போட்டோவைக் கிழித்தார்கள், சரி. ஊரிடம் இல்லை என்றார்கள், சரி. இந்த அறையிலும் அவள் இருந்திருக்கவே மாட்டாள் என்கிறார்கள்.

“தட்டைக் கதவுக்கு அடியில தள்ளினதும் அவ என்ன சொல்வா? மார்க் போடுவா. ‘இன்னைக்குச் சமையல் ஃபெயிலு. அடுத்த மார்ச்சுல எழுதச் சொல்லு’ம்பா. ஜோக்கைச் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சிடுவா, நமக்குப் பாதிதான் புரியும். ஃபேனைப் பார்த்துப் பயப்படுவா. அது தன்னை எண்ணிட்டே இருக்குதாம். நடக்கற சத்தத்தை வெச்சே வீட்டுல யாருக்குக் கோபம்னு சொல்லிடுவா. நடு விரல்ல ஒரு தழும்பு. குளிர்காலத்துல அது மட்டும் செவக்கும். அதை அவ ‘ஹீட்டர்’னு சொல்வா. இதையெல்லாம் ஒருத்தர் சும்மா உக்காந்து யோசிச்சு எழுத முடியாது டாக்டர். ஒரு பொண்ணு இருந்திருக்கா. அதனாலதான் எழுத முடிஞ்சிருக்கு.”

மார்ச்சில் எழுதச் சொன்னதற்கு டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். கணக்கு வாத்தியாரும் சிரித்தார். முன்பின் தெரியாத மனிதர்களை என் தங்கை சிரிக்கவைத்தாள். இத்தனை வருடத்தில் அவளுடைய ஜோக்குக்கு என்னைத் தவிர யாரும் சிரித்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இருப்பது இந்த ஒரு புத்தகத்தில்தான். வேறெங்கும் இல்லை. இது பழைய பேப்பருக்குப் போனால் அவளும் போவாள். என்னைப் பேயாக்கிய அதே புத்தகம்.

ஒரே ஒரு முறை முயன்று பார்த்தேன். “அந்தக் கை அக்காவோடதா இருந்திருந்தா? சாவி அண்ணன்கிட்ட இருந்திருந்தா?”

“சேச்சே” என்றார் டிரைவர். “அந்த ஆள் தன்னையே உரிச்சு எழுதறவரு. இதுல மட்டும் பொய் சொல்வாரா?”

“அந்த அக்கா மட்டும் என் கையில கிடைச்சா…” என்று ஆரம்பித்த கணக்கு வாத்தியார் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. கிடைத்திருப்பதும் அவருக்குத் தெரியவில்லை.

பதிப்பாளர் கை தூக்கச் சொன்னார். தாழ்ப்பாளுக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதும்.

“அப்ப அடுத்த மாசமே அச்சுக்குக் கொடுத்துடறேன். ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்” என்றார் பதிப்பாளர்.

நான் கிளம்ப எழுந்தபோது பல் டாக்டர் பக்கத்தில் வந்து என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“அவளைப் போய் பொம்மைன்னுட்டேன். மன்னிச்சுக்கங்க. அந்தக் கதவுக்கு அடியில போன கை இருக்கே, அது எப்பேர்ப்பட்ட கை! அந்த அண்ணன் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய மனுஷன்.” என் கையை விடாமலே தொடர்ந்தார். “ஆனா அந்தத் தழும்பு, ஹீட்டர்… அதெல்லாம் புக்குல இல்லையேம்மா. உங்களுக்கு அப்படி ஒரு தங்கச்சி இருந்தாளா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆம் என்றால் அவளுக்கு நான் யார் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு ஓர் அண்ணனும் ஓர் அக்காவும்தான். அந்த அக்கா யார் என்பதை அச்சடித்து, இப்போது நானே கை தூக்கி, மறுபதிப்புக்கும் அனுப்பியாகிவிட்டது. செத்துப்போன சாக்கடையார் ஒரு பக்கம், கண்ணாடிக் கடைக்காரி ஒரு பக்கம். யாரை நம்புவார்கள்?

“எனக்குத் தங்கச்சி கிடையாது” என்றேன்.

தடுமாறாமல் வந்தது. அம்மா இருந்திருந்தால் மெச்சியிருப்பாள்.