முனைக்குப் பின்னால் நின்ற படகு

பெரிய சுற்றுலாக் கப்பல்கள் எங்கள் தீவுக்கு வருவதில்லை, வந்து வெளியே நிற்கும். எங்கள் துறையின் ஆழம் அவற்றுக்குப் போதாது. ஆயிரக்கணக்கில் ஆட்களை அடுக்கிவைத்த அந்த வெள்ளைக் கட்டடம் நங்கூரம் போட்டு நின்றதும், நாங்கள்தான் எங்கள் படகுகளில் போய் அவர்களை வாரிக்கொண்டு வந்து கல்துறையில் இறக்கவேண்டும். படகுக்காரர்களுக்கு நான்தான் தலைவன். பெயர் ஜன்னிஸ். தலைவன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யார் முதலில், யார் அடுத்து என்று கத்துகிறவன், எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவன்.

எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்று கத்தியவர் யாக்கோவோஸ். என் படகில் பாதி அவருடையது. என் மகளுக்கு ஞானத்தகப்பன். இந்த ஜூலையில், பெரிய தீவின் ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலி என்று போனவர் திரும்பவில்லை. ஜூலை வெயிலில் பிணத்தை வைத்துக்கொண்டு பயணிகள் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. அதனால் அவர் மனைவி மொஸ்கூலாவின் தம்பி லினார்தோஸ் தன் மீன்பிடிப் படகிலேயே போய், அக்காவையும் சவப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை வந்துசேர்வார்கள் என்றார்கள். அந்த வியாழக்கிழமைதான் வெள்ளைக் கப்பலும் வந்தது.

கடல் வழியாக வரும் சாவுக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. துறையில் இருக்கும் அத்தனை படகும் எஞ்சினை அணைக்கும். கடைகள் கதவை இழுத்துவிடும். பெட்டி கோயிலுக்குள் போகும்வரை ஒருவரும் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். காப்பிக்கடைக்காரன்கூட அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிவைத்துவிடுவான். படகுக்காரர்கள்தான் பெட்டியைத் துறையிலிருந்து தோளில் எடுக்கவேண்டும். செத்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவனும் தோள் கொடுப்பான். யாக்கோவோஸ் எந்தச் சாவுக்கும் தவறியதில்லை. ஒரு தடவை காய்ச்சலோடு வந்து தூக்கினார்.

அன்று விடிந்தும் விடியாததுமாகப் பொதிட்டோஸ் துறைக்கு வந்தான். ஊருக்குத் தலைவர் அவன். துறையில் இருக்கிற பெரிய சாப்பாட்டுக்கடையும் அவனுடையது. எந்த நேரத்தில் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேசுகிறான் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"ஜன்னிஸ், இப்ப காத்து இல்ல. மத்தியானம் கிளம்பிடும். அதுக்குள்ள இறக்கினாத்தான் உண்டு," என்றான். "இறக்குற நேரத்துல நீங்க எஞ்சினை அணைச்சிட்டு நின்னா, கப்பல்காரன் என்ன செய்வான் தெரியுமா? நங்கூரத்தைத் தூக்கிட்டு அடுத்த தீவுக்குப் போயிடுவான். போன வருஷம் போகலையா?"

"அதுக்கு என்ன செய்யச் சொல்றே?"

"யாக்கோவோஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும். அவருக்கு இப்ப என்ன அவசரம்?"

"நாக்கை அறுத்திருவேன்டா."

"அறு. அறுத்துட்டு, பனிக்காலம் முழுக்க இந்த ஊர் எதைத் தின்னும்னும் சொல்லிட்டுப் போ. கப்பல்லருந்து மொத ஆள் கரையில கால் வைக்கிறான், எதுத்தாப்புல சவப்பெட்டி வருது, கடையெல்லாம் மூடிக் கிடக்கு. அடுத்த வருஷம் வருவானா அவன்? நீ சொன்னாத்தான் மொஸ்கூலா கேப்பா."

மற்ற படகுக்காரர்களைப் பார்த்தேன். ஒருவனாவது வாயைத் திறப்பான் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் அவரவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொதிட்டோஸ் என்னைக் கட்டாயப்படுத்தினான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. என் மகள், அதாவது யாக்கோவோஸ் கையில் ஏந்தி நிற்க ஞானஸ்நானம் வாங்கிய அதே மகள், இந்தக் கோடையில்தான் துறையில் மண்பாண்டக் கடை போட்டிருக்கிறாள். அவள் கடைக் கதவு மூடியிருப்பதை நானும் மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"நம்ம தீவு முனை தெரியுது அண்ணே, வந்துக்கிட்டே இருக்கோம்," என்றான் லினார்தோஸ்.

"அக்காகிட்ட குடு."

காற்றில்லாத காலை. அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

"மதனி, கப்பல் வந்து நிக்குது. துறையில இடமில்ல. முனைக்குப் பின்னாடி இருக்கிற குடாவுல கொஞ்சம் நில்லுங்க. ஒரு மணி நேரம்தான். இறக்கி முடிச்சதும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன், எல்லா மரியாதையோட."

"இதை நீ சொல்றியா தம்பி, பொதிட்டோஸ் சொல்லச் சொன்னானா?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப சரி. நீ சொன்னா சரி."

அவள் திட்டியிருந்தால் எஞ்சினை அப்போதே அணைத்திருப்பேன் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். அதுவும் பழியை அவள் பக்கம் தள்ளுகிற வேலைதான்.

இறக்க ஆரம்பித்தோம். கப்பலின் வயிற்றில் ஒரு கதவு திறக்கும், அதில் ஒரு பலகை. படகு ஏறி இறங்கும் நேரம் பார்த்து ஆட்களை முழங்கையில் பிடித்து உள்ளே வாங்கவேண்டும். அகலத் தொப்பிகள், முகத்தில் பூசிய வெள்ளை எண்ணெய், கழுத்தில் தொங்கும் அட்டைகள். கால் வைக்கத் தெரியாமல் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னேன், எல்லோரையும் பத்திரமாக இறக்கினேன். வேலையில் மட்டும் அன்று ஒரு குறையும் வைக்கவில்லை.

துறையிலிருந்து பார்த்தால் அந்தக் குடா தெரியாது. பொதிட்டோஸுக்கு அதுதான் வசதி. ஆனால் கப்பலிலிருந்து வரும் வழியில் நன்றாகத் தெரியும். இரண்டாவது நடையிலோ மூன்றாவது நடையிலோ முனையைக் கடக்கும்போது நானும் பார்த்தேன். லினார்தோஸின் நீலப் படகு பாறைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. நடுவில், கோடு போட்ட கம்பளம் போர்த்திய பெட்டி. பக்கத்தில் கறுப்பு உடையில் மொஸ்கூலா. கையில் ஒரு குடை. குடையை அவள் தன் தலைக்குப் பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பிடித்திருந்தாள்.

என் படகில் முன்வரிசையில் ஒரு சிவந்த மனிதர் இருந்தார், நல்ல மனிதர், ஏறினதிலிருந்து சிரித்தபடியே இருந்தார். அவர் மனைவி என் தோளைத் தொட்டு, அதோ அந்த அழகான படகில் என்ன கொண்டுபோகிறார்கள் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சாவைச் சொல்ல வார்த்தை இல்லாமலா போயிற்று? இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டார், அவரைக் கொண்டுவருகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"தர்பூசணி," என்றேன்.

படகு முழுக்கக் கலகலவென்று சிரிப்பு. எல்லோரும் எழுந்து படம் பிடித்தார்கள். சிவந்த மனிதர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார், பின்னாலேயே முப்பது நாற்பது கைகள் ஆடின. மொஸ்கூலா நிமிர்ந்து பார்த்தாள். கையசைப்பவர்களுக்குப் பதிலுக்குக் கையசைக்கவேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் அவள். குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

என் முகம் எரிந்தது. கடலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வழியாக நான் போகவில்லை. வெளியே நன்றாக விலகி, சுற்றிக்கொண்டு வந்தேன். பயணிகளுக்கு மலையின் அழகு தெரியட்டும் என்று மற்றவர்களிடம் சொன்னேன். ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களும் சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

நான் சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துபோனது. கப்பல் பயணிகள் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் பூசிக்கொண்டு, ஒவ்வொரு கும்பலாக வந்துகொண்டே இருந்தார்கள்.

"அண்ணே, முடிஞ்சுதா?" என்று லினார்தோஸ் வயர்லெஸ்ஸில் கேட்டான்.

"இன்னும் ரெண்டு நடை."

திரும்பவும் கேட்டான். "அண்ணே, வெயில் ஏறுது. பெட்டியைத் தொட முடியல."

"ரெண்டே நடை."

பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

கடைசிப் படகு காலியானபோது உச்சிவெயில். பொதிட்டோஸ் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தான். கையைத் தட்டினான். கடைக்கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் மகளும் இறக்கினாள். கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தது. எஞ்சின்கள் அணைந்தன. காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த பயணிகள் என்னவென்று புரியாமல் பார்த்தார்கள், யாரோ எடுத்துச் சொன்னதும் அவர்களும் எழுந்து நின்றார்கள். படகுக்காரர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். பொதிட்டோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடிப்பில்லை. யாக்கோவோஸும் அவனும் சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்தவர்கள். காலையில் பேசியவனும் இவன்தான்.

"பாதிரியாரைக் காணோமே," என்றான்.

மணி அடிப்பவன் கயிற்றை விடாமலே பதில் சொன்னான். "அவரு அங்கியைப் பையில போட்டுக்கிட்டு அப்பவே மலைப் பாதையில போயிட்டாரே. லினார்தோஸ் கூப்பிட்டிருந்தான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் வயர்லெஸ்ஸில் லினார்தோஸைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. என் படகை மட்டும் கிளப்பிக்கொண்டு முனையைச் சுற்றிப் போனேன். நீலப் படகு பாறையில் கட்டிக்கிடந்தது. ஆளில்லை, பெட்டியில்லை. கோடு போட்ட கம்பளத்தை யாரோ ஒழுங்காக மடித்து இருக்கையில் வைத்திருந்தார்கள்.

அந்தக் குடாவிலிருந்து ஆடுகள் ஏறுகிற ஒரு தடம் உண்டு. அது மேலே கல்லறைத் தோட்டத்தில் போய் முட்டும். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். அதில் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊர் வழியாகக் கொண்டுவராமல், மணியில்லாமல், கதவு மூடாமல், ஒரு படகுக்காரனின் தோள்கூடப் படாமல்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழி நாங்கள் முந்தினநாளே வெட்டி வைத்தது. அதில் மண் குவிந்திருந்தது. பாதிரியார் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆடு மேய்க்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கியது அவர்களும் லினார்தோஸும் பாதிரியாரும்தான்.

"வாங்க தலைவரே," என்றான் லினார்தோஸ். "எஞ்சினை அணைச்சாச்சா?"

"வாயை மூடு," என்றாள் மொஸ்கூலா அவனிடம்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பியும் ஒரு வாய் பிராந்தியும் கொடுக்கவேண்டும். சுவரோரம் இரண்டு பெட்டி பிராந்தி இருந்தது. ஊரே வரும் என்று பெரிய தீவிலேயே வாங்கிவந்திருக்கிறாள். அதில் ஒரு புட்டிதான் திறந்திருந்தது, அதிலும் கழுத்தளவுக்குக் கீழே இறங்கவில்லை. அவள் எழுந்து எனக்கு ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் அவள் வலது கை தோள்வரை சிவந்திருந்தது. குடை பிடித்த கை.

"எல்லாரும் பத்திரமா இறங்கினாங்களா?"

"இறங்கினாங்க மதனி."

"யாரும் தண்ணியில விழலியே?"

"இல்ல."

"நல்லது. அவரு இருந்தா மொதல்ல அதைத்தான் கேப்பாரு."

குத்திப் பேசுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவள் கத்தியிருந்தால், அந்தப் பிராந்தியை என் முகத்தில் ஊற்றியிருந்தால், அவள் மனசில் என்னை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கும். கீழே இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது. கல்துறையில் இரண்டு வரிசை ஆட்கள், வெயிலில், வெறுந்தலையோடு, கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது மேலேயிருந்து தெளிவாகத் தெரிந்தது.

"மதனி, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"குடி தம்பி," என்றாள். "காத்து கிளம்பிடுச்சு பாரு. அவங்களைத் திரும்ப ஏத்தி விடணும்ல. உனக்கு நேரமாகுது."

குடித்தேன். கீழே போய், வரிசையில் நின்றவர்களிடம், "அடக்கம் முடிஞ்சிருச்சு, தொப்பியைப் போடுங்க," என்று சொன்னேன். பொதிட்டோஸ் ஏதோ கேட்க வாயெடுத்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கடைக்கதவுகள் திறந்தன. நான் எஞ்சினைக் கிளப்பினேன். சாயங்காலம் வரை, அலையில் ஒருவரும் தடுமாறாமல், ஒவ்வொருவராக முழங்கையில் பிடித்து, எல்லோரையும் கப்பலில் ஏற்றிவிட்டேன்.